கோரைக்கு ஓர் இடம்

கோரையை வீட்டுத் தோட்டத்திலும் பள்ளித் தோட்டத்திலும் வளர்க்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. இதைப் புளியங்குடியில் சொல்வது எளிதல்ல. 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் இது. எலுமிச்சை மூட்டில் கோரை பிடித்துவிட்டால் என்ன பாடு படவேண்டும் என்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். கார் சாகுபடியானாலும் பிசானமானாலும், நெல் வயலில் களையெடுக்க இறங்கும் பெண்கள் குனிந்து பிடுங்குவதில் கோரைக்குப் பெரும்பங்கு உண்டு. காலங்காலமாகப் பிடுங்கி வரப்பில் எறிந்த செடியை ஏன் நட வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு என் பதில் இது: ஒரே கையால் நாம் பிடுங்கி எறிகிற கோரைகள் பல இனங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் வயலுக்குப் பகையானவை சில. மற்றவை குளத்து விளிம்புக்கும், ஓடைக்கரைக்கும், வீட்டுத் தண்ணீர் வழிந்தோடும் இடத்துக்கும் உரியவை. அந்த இடங்களுக்கு அவற்றைவிடப் பொருத்தமான செடியை எந்த நர்சரியிலும் வாங்க முடியாது. எந்தக் கோரை எந்த இடத்துக்கு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், பகை பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு வேறு வழி உண்டு.

முதலில் செடியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கோரைத் தண்டு ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் அது உருளாது. தடுக்கித் தடுக்கி நிற்கும். பெரும்பாலான கோரைகளின் தண்டுக்கு மூன்று விளிம்புகள். குறுக்கே நறுக்கிப் பார்த்தால் முக்கோணம் தெரியும், உள்ளே வெண்மையான பஞ்சுபோன்ற சோறு நிறைந்திருக்கும். புல்லின் தண்டோ உருண்டையாக, கணுக்களோடு, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் பெரும்பாலும் உள்ளீடற்றதாக இருக்கும். இலைகளும் அப்படியே: புல்லின் இலைகள் இரண்டு வரிசையாகவும், கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் ஏறும். உலகம் முழுவதும் 5,000-க்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் இது. எகிப்தியர் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸும் இந்தக் குடும்பத்துச் செடிதான். நம் மாவட்டத்தில் குற்றாலத்துப் பாறைகளில் நீர் கசியும் விரிசல்கள் முதல், மேற்குமலையின் பசுமைமாறாக் காட்டு நிழல் வரை, சிற்றாற்று மணல் முதல் கடைமடைக் குளத்துச் சேறு வரை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் கோரை இருக்கிறது. இவற்றை உலகம் அறிந்ததில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்ற மருத்துவர் செடிகளைச் சேகரித்து டென்மார்க்குக்கு அனுப்பினார். அங்கே ரோட்பெல் என்ற தாவரவியலாளர் 1773-இல் வெளியிட்ட நூலில் நம் பக்கத்துக் கோரைகள் பல முதன்முதலாகப் பெயரும் படமும் பெற்றன. பாய் நெய்யும் கோரைக்கு அவர் வைத்த ‘சைப்பெரஸ் பாங்கோரெய்’ என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

இனி, பகைக்கு வருவோம். தோட்டக்காரர் மனத்தில் கோரை என்றதும் எழுகிற உருவம் கோரைக்கிழங்கு, அதாவது முத்தக்காசு. ‘சைப்பெரஸ் ரொட்டண்டஸ்’ என்று தாவரவியல் சொல்வது இதைத்தான். 1977-இல் ஹோம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதியபோது, அதில் முதலிடம் கொடுத்தது இந்தச் செடிக்கே. அதை நான் மறுக்கப் போவதில்லை. மண்ணுக்குள் ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு கிளம்பி, அதன் நுனியில் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாகப் போகும். மேலே இருக்கும் செடியை இழுத்தால் தண்டு அறுந்து கையோடு வரும், கிழங்கு உள்ளேயே உறங்கும். உழவு ஓட்டினால் சங்கிலி துண்டுதுண்டாக அறுந்து, ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகிவிடும். வெயில் பட்ட வெற்று நிலம் அதற்கு மிகவும் பிடித்த இடம். அடர்ந்த நிழலில் அது சோர்ந்துவிடும். இதே கிழங்குக்குச் சித்த மருத்துவத்தில் உயர்ந்த இடம் உண்டு, கருந்தோலை உரித்தால் வரும் மணமும் தனி. ஆனால் அதற்காக அதைத் தோட்டத்தில் நடச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. நெல் வயலில் விதையாலேயே பெருகும் ஓராண்டுக் கோரைகளையும் இந்த வரிசையில் சேர்த்துவிடலாம். பயிர் ஏறும் நிலத்தில் இவை களை. களையெடுப்பது உழவரின் கடமை, உரிமை. ஆனால் இந்தச் சிலவற்றின் குற்றத்துக்காக மொத்தக் குடும்பத்தையும் தண்டிப்பது சரியாகுமா?

தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிற பத்தமடைதான் இதற்கு மிகத் தெளிவான பதில். புளியங்குடிக்காரர் யாருக்கும் அந்த ஊர்க் கோரைப்பாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மணமக்கள் பெயர் நெய்த பாய் இல்லாமல் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் வசதியான கல்யாணம் நடந்ததில்லை. அந்தப் பாயின் நயம் நெய்பவரின் விரலிலிருந்து பாதி, செடியிலிருந்து பாதி வருகிறது. பச்சையாக இருக்கும்போதே கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துகிறார்கள். உள்ளிருக்கும் சோற்றை வழித்து எடுக்கிறார்கள். நயப்பாய்க்கு வேண்டிய கோரையைச் சில நாள் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து, மீண்டும் காயவைத்து, நூல் போல மெல்லியதாகக் கிழிக்கிறார்கள். பருத்தி அல்லது பட்டு நூல் பாவு, கோரை ஊடு. பாவு நூறைத் தாண்டிய பாயைச் சுருட்டினால் கைக்குள் அடங்கும், மடித்தாலும் துணி போல மடியும். எலிசபெத் அரசியின் 1953 முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதைப் பத்தமடையில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைத் தாங்கி நிற்பவர்கள் அந்த ஊர் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். வயலில் களை என்று நாம் பிடுங்குகிற செடியின் உடன்பிறப்பு அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது, பெண்களுக்குக் கையில் காசு கொடுத்திருக்கிறது. நிலத்துக்கு ஏற்ற கோரையை அதற்குரிய இடத்தில் வைத்ததால் வந்த பலன் அது.

பாய்க்கோரை காட்டுச் செடியாகவே நின்றுவிடவும் இல்லை. காவிரிக்கரையோரம் கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் அதை வயலில் பயிராகவே வைக்கிறார்கள். வேர்த்தண்டைப் பிரித்து நட்டு, வளர்ந்ததும் அடியோடு அறுத்து, மறுதாம்பு விட்டுப் பல ஆண்டு தொடர்ந்து எடுக்கிறார்கள். இன்று பத்தமடை நெசவுக்கே அந்தப் பக்கத்திலிருந்து கோரை வருகிறது என்பது வருந்தத்தக்க செய்தி. ஆற்றுப்படுகையில் மணல் போனது, கரையோரம் வேறு பயிருக்கும் கட்டடத்துக்கும் போனது, தண்ணீர் ஓட்டம் மாறியது. தாமிரபரணிக் கோரைக்கு நிற்க இடம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் காவிரி உழவர்கள் நம் வாதத்துக்கு ஒரு பெரிய சான்றைத் தந்திருக்கிறார்கள். கோரையை வரம்பு கட்டி வளர்க்க முடியும், பக்கத்து வயலை அழிக்காமல் வைத்திருக்க முடியும், வருமானமும் பார்க்க முடியும் என்பதை அவர்கள் நிலத்திலேயே காட்டிவிட்டார்கள். ஏக்கர் கணக்கில் அடங்கி நிற்கும் செடி, நம் கொல்லையில் நான்கடிப் பரப்பில் அடங்காமலா போகும்?

பாய் ஒருபுறம் இருக்கட்டும். பாய் நெய்யாத ஊரிலும் கோரை வேண்டும் என்பதற்குக் காரணங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கின்றன. நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. பெரும்பாலான செடிகளின் வேர் அதில் மூச்சுமுட்டி அழுகிவிடும். நீர்க்கோரையின் தண்டிலும் வேரிலும் காற்று போவதற்கான இடைவெளிகள் நிறைய உண்டு. இலையும் தண்டும் வாங்கிய காற்று அவற்றின் வழியே வேர் நுனிவரை இறங்குகிறது, அதில் கொஞ்சம் சேற்றிலும் கசிகிறது. அந்தக் காற்றை நம்பி வேரைச் சுற்றி நுண்ணுயிர்கள் குடியேறி, தண்ணீரில் கலந்து வரும் அழுக்கைச் சிதைக்கின்றன. சிதைந்து வருவதில் ஒரு பகுதியைக் கோரையே உணவாக எடுத்துக்கொள்கிறது. இதை 1950-களில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி. அவர் தன் சோதனைகளுக்கு முக்கியமாக எடுத்துக்கொண்டதும் ஏரிகளில் உயர்ந்து வளரும் ஒரு கோரைதான். கூழாங்கல் படுகையில் செடி நட்டுக் கழிவுநீரை அதன் வழியே ஓடவிட்டுத் தெளியவைக்கும் முறை இன்று உலகெங்கும் பரவியிருப்பதற்கு அவருடைய பணி ஒரு தொடக்கம். கரையைக் காப்பதிலும் கோரையின் பங்கு பெரிது. பின்னிப் படரும் அதன் வேர்த்தண்டு கரை மண்ணை இறுகப் பிடிக்கிறது. மறுகால் பாய்கிற நாளில் தண்ணீரின் வேகத்தை நெருங்கி நிற்கும் தண்டுகள் தணிக்கின்றன. அப்போது தண்ணீர் சுமந்துவந்த வண்டல் அங்கேயே படிகிறது.

உயிரினங்களின் கணக்கு இன்னும் நீளம். கம்புள் கோழி கோரைப் புதருக்குள் நடமாடும். நீலத் தாழைக்கோழி தண்டைப் பிடுங்கி அடிப்பகுதியின் மெல்லிய சதையைத் தின்னும். கதிர்க்குருவி தண்டுகளைச் சேர்த்துக் கூடு கட்டும். சில்லைகள் விதையைக் கொறிக்க வரும். ராஜஸ்தானத்துப் பரத்பூர் சதுப்புக்கு 2002 வரை வந்துபோன சைபீரியக் கொக்குகளுக்கு அங்கே கோரைக்கிழங்கு முக்கிய உணவாக இருந்தது. நம் பக்கத்தில், மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. குளங்களில் பறவை எத்தனை என்று எண்ணும் அந்தப் பணியில் ஊர்மக்களும் மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். மாணவர்கள் பறவையை எண்ணும்போது அது எந்தச் செடிக்குள்ளிருந்து வெளியே வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பறவையைவிடச் சிறிய உயிர்களுக்குத்தான் கோரை இன்னும் முக்கியம். தட்டான் தன் இளம் பருவத்தைத் தண்ணீருக்குள் கழிக்கிறது. இறக்கை முளைக்க வேண்டிய நேரம் வந்ததும் அது தண்ணீரிலிருந்து வெளியேறி ஏற ஒரு தண்டு வேண்டும். விடிகாலையில் கோரைத் தண்டைக் கவனித்துப் பார்த்தால், முதுகு பிளந்த பழுப்புநிறத் தோல் ஒன்று கால்களால் தண்டை இறுகப் பற்றியபடி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து வந்தது அன்றைக்குப் பறக்கத் தொடங்கிய தட்டான். சிமென்ட் பூசிய வழுக்குச் சுவரில் அதற்குப் பிடிமானம் கிடைப்பது கடினம்.

இவ்வளவு வேலை செய்கிற செடியின் இடத்தில் இன்று என்ன நிற்கிறது? தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை தண்ணீரை மூடுகிறது. நெய்வேலிக் காட்டாமணக்கு கரையை வளைக்கிறது. குளத்துக்குள் சீமைக்கருவேலம் காடாகிறது. இவை மூன்றும் அயல்நாட்டுச் செடிகள். இவற்றை அகற்ற இயந்திரம் வருகிறபோது நாட்டுக் கோரைக்கும் சேர்த்தே அழிவு வருகிறது. பொக்லைன் வாளிக்கு அயல் எது, நாட்டுச் செடி எது என்று தெரியாது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது பல குளங்கள் தூர்வாரப்பட்டன, அதை நான் வரவேற்கிறேன். மடையும் மறுகாலும் செப்பமாக இருந்தால்தான் குளம் குளமாக இருக்கும். ஆனால் கரையிலிருந்து குளத்துக்குள் சரிந்து இறங்கும் ஆழமற்ற விளிம்பை அடியோடு சுரண்டி, செங்குத்தாக வெட்டி விடுகிற பழக்கம் நல்லதல்ல. கோரைக்கு வேண்டியது அந்த ஆழமற்ற விளிம்புதான். அதுவும் போனால் விதைக்கும் வேருக்கும் ஒதுங்க இடமில்லை. வீட்டுத் தோட்டத்துக்கும் பள்ளித் தோட்டத்துக்கும் இந்த வாதத்தில் இடம் வருவது இங்கேதான்.

தோட்டம் என்றதும் இன்று பலர் மனத்தில் வருவது வாசலில் விரிக்கும் புல்தரை. சதுரம் சதுரமாக வெட்டி விற்கிறார்கள், லாரியில் வந்து இறங்குகிறது, கோடை முழுவதும் தண்ணீர் குடிக்கிறது, ஒரு வாரம் ஊருக்குப் போனால் கருகிவிடுகிறது. அதன் பக்கத்தில் ‘குடைப்புல்’ என்று ஒரு செடியும் தொட்டியில் இருக்கும். அதுவும் கோரைக் குடும்பம்தான், ஆனால் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்துச் செடி. அழகுக்காகக் கோரையைக் காசு கொடுத்து வாங்க நாம் தயார் என்பதை அந்தத் தொட்டி காட்டுகிறது. காசு கொடுக்கத் தேவையில்லாத நாட்டுக் கோரைக்கு மட்டும் ஏன் வாசலில் இடமில்லை? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை முறையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டெலவேர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் கியூபா செண்டர் என்ற தோட்ட நிறுவனம் 2018-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் 70 கோரை வகைகளை அருகருகே நட்டு, எது வெயில் தாங்கும், எது நிழலில் நிற்கும், எதைப் புல்தரை போல வெட்டி வைக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்த்தது. அவர்கள் சோதித்தவை ‘கேரெக்ஸ்’ என்ற குளிர்நாட்டு வகையைச் சேர்ந்தவை. நம் பக்கத்தில் கேரெக்ஸ் மலையுச்சிக் குளிரிலும் ஈரத்திலும் வாழ்கிறது. புளியங்குடிச் சமவெளி வெயிலுக்கு அது உதவாது. ஆகவே அவர்களுடைய பட்டியலை இறக்குமதி செய்வதில் பயனில்லை, அவர்களுடைய முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பட்டியலை நம் குளத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் நாமே தயாரிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதைவிட நல்ல அறிவியல் வேலை வேறென்ன?

எங்கே எதை நடலாம் என்று கேட்பீர்கள். அங்கணத்துத் தண்ணீர் வந்து விழும் இடத்துக்குப் பாய்க்கோரையே முதல் தேர்வு. முழு வெயில், ஈரமான மண், இடுப்பளவுக்கு மேல் உயரும் தண்டு, நுனியில் பழுப்பும் பச்சையுமாக விரியும் பூங்கொத்து. கழிப்பறைத் தண்ணீரை அங்கே விடக்கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போதும். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியில் பெருங்கல்லும் மேலே சிறு கூழாங்கல்லும் பரப்பி, தண்ணீர் கல்லுக்குக் கீழேயே ஓடும்படி செய்து அதில் நட்டால், கண்ணுக்குத் தண்ணீர் தெரியாது, நாற்றமும் வராது. கோடையிலும் தண்ணீர் நிற்கும் சிறு குட்டையோ தொட்டியோ இருந்தால், இலையே இல்லாமல் குழல் குழலாக எழுந்து நிற்கும் எலியோகாரிஸ் வகைக் கோரைகளை வைக்கலாம். அந்தக் குழலை விரலால் அழுத்தினால் உள்ளிருக்கும் தடுப்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கும் சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டினால் மறக்க மாட்டார்கள். மரநிழலில், குழாயடி ஈரத்தில் தரையோடு படர வேண்டுமென்றால் கில்லிங்கா இருக்கிறது. வெள்ளைப் பொத்தான் வைத்தது போன்ற அதன் பூவை நம்மில் பலர் மிதித்துக்கொண்டே போயிருப்போம். புல்தரைக்கு மாற்றாக முதலில் சோதிக்க வேண்டியது அதையே. வறண்ட மணற்பாங்கான மூலைக்கும் கோரை உண்டு: தலைமயிர் போல மெல்லிய இலை கொண்ட பல்போஸ்டைலிஸ், மழை பெய்ததும் முளைத்து, விதை போட்டு, காய்ந்து மறையும். அதை யாரும் நட வேண்டாம். பெருக்கித் தள்ளாமல் விட்டால் போதும்.

கிழங்குக்கோரை தெரியாமல் உள்ளே வந்துவிடாதா என்பது மிகக் கனமான ஆட்சேபம், அதைக் கடந்து போக நான் விரும்பவில்லை. வரும். வாங்கி வருகிற வண்டல் மண்ணில் வரும், எருவில் வரும், நர்சரிப் பையில் வரும். இப்போதும் நம் தோட்டத்துக்கு அது அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. பாய்க்கோரை நட்டதால் அது வராது. ஆனால் நடுவதற்கு முன் ஒவ்வொரு தூரையும் தண்ணீரில் அலசி, மண் முழுவதையும் நீக்கி, வேரைப் பார்க்க வேண்டும். கருந்தோல் மூடிய, மணிபோன்ற கிழங்குச் சங்கிலி இருந்தால் தூரையே எரித்துவிடுங்கள். பாய்க்கோரையும் பக்கவாட்டில் படரும் செடிதான், அதை மறைக்கக்கூடாது. ஆகவே கிணற்று உறை போன்ற சிமென்ட் உறைக்குள்ளோ, கல் கட்டிய குழிக்குள்ளோ வைத்து, வெளியே தலைகாட்டும் முளையை அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும். எலுமிச்சைத் தோட்டத்துக்கு உள்ளேயோ, நெல் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலின் தலைப்பிலோ எந்தக் கோரையையும் நட வேண்டாம் என்பதில் நான் உழவர் பக்கம்தான்.

கொசு பெருகும், பாம்பு வரும் என்பது அடுத்த ஆட்சேபம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது டயரிலும், தேங்காய்ச் சிரட்டையிலும், மூடாத தொட்டியிலும் நிற்கும் தண்ணீரில். கல்லுக்குக் கீழே ஓடும் தண்ணீரில் எந்தக் கொசுவும் முட்டையிட முடியாது. திறந்த குட்டையில் கொசு வரும் என்பது உண்மைதான், அதற்கு மீன் விட வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் தட்டான் குஞ்சும் கொசுப் புழுவைத் தின்னும். வாறுகாலில் தேங்கிக் கறுத்த தண்ணீரோடு ஒப்பிட்டால் கோரைப் படுகை எவ்வளவோ மேல். பாம்பைப் பற்றிய அச்சம் நியாயமானது, அதை மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். அடர்ந்த எந்தச் செடிக்குள்ளும் எலியும் தவளையும் ஒதுங்கும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரலாம். ஆகவே வாசற்படிக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் ஒட்டி உயரமான கோரையை நடக்கூடாது. நடைபாதைக்கும் கோரைக்கும் நடுவே நன்றாகப் பெருக்கிய வெற்று இடம் விட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடைத் தொடக்கத்தில், அடியோடு அறுத்துவிட வேண்டும். அறுத்ததை ஆட்டுக்குப் போடலாம், மரத்து மூட்டில் மூடாக்காகப் போடலாம்.

தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். குற்றாலத்துக்குச் சாரல் அள்ளிக் கொடுக்கிற நாளிலும் புளியங்குடிக்குக் காற்றும் தூறலுமே மிஞ்சும். நம்முடைய குளங்கள் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. இந்த ஊரில் நீர்ச்செடி எதற்கு என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானது. ஆனால் நம் குளத்துக் கோரைகள் இந்த ஊரின் பஞ்சாங்கத்துக்கே பழகியவை. பங்குனி, சித்திரையில் குளம் பாளம் பாளமாக வெடிக்கும்போது பல்லாண்டுக் கோரையின் மேற்பகுதி காய்ந்துவிடும், வேர்த்தண்டு மண்ணுக்குள் காத்திருக்கும். முதல் மழை ஈரத்தில் பச்சை முளை எழும். அந்த இரண்டு மூன்று மாதக் காய்ச்சலைத் தோட்டக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும், நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடக்கூடாது. அங்கணத்துத் தண்ணீர் ஏற்கெனவே தெருவில் வீணாக ஓடுகிற தண்ணீர். கோரைக்காக ஒரு குடம்கூடக் கூடுதலாக இறைக்கப்போவதில்லை. பார்க்க அலங்கோலமாக இருக்கும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: விளிம்பைக் கல் வைத்து ஒழுங்காகக் கட்டுங்கள், உள்ளே செடி தன் போக்கில் நிற்கட்டும். விளிம்பு நேராக இருந்தால், உள்ளே இருப்பது வேண்டுமென்றே வளர்த்தது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

குளங்கள் அழிந்துகொண்டிருக்க, கொல்லையில் நான்கு தூர் கோரை வைத்து என்ன ஆகப்போகிறது என்று சிந்தனையாளர் சிலர் கேட்கிறார்கள். கொல்லைக் கோரை குளத்துக்கு ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு பயன் உண்டு. ஒன்று, தூர்வாரிய குளத்து விளிம்பில் மறுபடி நடுவதற்கு உள்ளூர்த் தூர் வேண்டும். அது வளர்ந்து நிற்கும் இடம் ஊருக்குள்ளேயே இருந்தால் கரூரிலிருந்து வாங்கி வர வேண்டியதில்லை. இன்னொன்று, மூன்று கோரைக்கு வித்தியாசம் தெரிந்த பத்துப்பேர் ஊரில் இருந்தால், அடுத்தமுறை இயந்திரம் குளத்தில் இறங்கும்போது அவர்கள் கரையில் நின்று எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று காட்ட முடியும். நீர் உள்ளே வரும் வாய்க்கால் முகத்திலும், மடைக்கு எதிர்ப்புறக் கரையிலும் சில அடி அகலத்துக்குச் சரிவான விளிம்பையும் அதிலுள்ள நாட்டுக் கோரையையும் விட்டுவைக்கச் சொல்லி, வேலை தொடங்குமுன்பே நீர்ப்பாசன சங்கமும் ஊராரும் எழுதிக் கேட்க வேண்டும். கூந்தன்குளம் போன்ற பறவைக் குளங்களுக்கு 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. புளியங்குடிக் குளங்களுக்கு அந்தப் பட்டம் கிடைக்காமல் போகலாம், ஆனால் அவற்றின் விளிம்பைக் காக்கப் பட்டம் தேவையில்லை.

தூர் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். மேற்கே இருக்கும் மலைக்காட்டிலிருந்து எதையும் பிடுங்கி வரக்கூடாது. அது 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயப் பகுதி, அங்கே செடி எடுப்பது குற்றம். தூர்வாரும் குளத்திலிருந்து கரையில் கொட்டப்படும் மண்ணிலும், வாய்க்கால் செப்பனிடும்போது வெட்டி எறியப்படுவதிலும் வேண்டிய தூர் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், நன்றாக அலசிப் பாருங்கள், தண்டை ஒரு சாண் விட்டு நறுக்குங்கள். புரட்டாசி கடைசியில் குழி தயாராக இருந்தால், ஐப்பசி முதல் மழையோடு நட்டுவிடலாம்.